மணி அடித்த பிறகும் மூடாத பள்ளிக்கூடங்கள்

டெக்கா சந்தையை விட்டு வெளியே வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. கருவாட்டு வாசமும் மல்லிகை வாசமும் சேர்ந்தே மூக்கில் ஏறின. எங்கள் கோவில்பட்டி வெயில் சுள்ளென்று சுடும்; சிங்கப்பூர் வெயில் ஈரப் போர்வையைப் போர்த்திவிட்ட மாதிரி புழுங்குகிறது. சிராங்கூன் சாலை நெடுகத் தமிழ்ப் பலகைகள், தமிழ்ப் பேச்சு. கடல் கடந்து வந்திருக்கிறேன் என்பதே அடிக்கடி மறந்துபோனது.

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் அக்கா மகள் காத்திருந்தாள். உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். பள்ளி முடிந்துவிட்டது, ஆனால் வீட்டுக்குப் போகவில்லை.

"எங்க ஸ்கூல்ல தமிழ் இல்ல மாமா. அதான் இங்க வர்றேன்."

அவள் கூட்டிப்போன இடம் பீட்டி சாலையில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் எங்கள் பக்கத்து எட்டயபுரத்துக்காரர் ஆயிற்றே! கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1946இல் அவர் பெயரில் இங்கே ஒரு தமிழ்ப் பள்ளி தொடங்கினார்கள். தமிழ்வழியில் பாடம் நடத்திய பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடிய காலத்தில் கடைசிவரை நின்றது அதுதான். 1982இல் அதுவும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அந்தப் பெயர் இந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. தங்கள் பள்ளியில் தமிழ்ப் பாடம் இல்லாத பிள்ளைகள் பள்ளி நேரம் முடிந்தபின் இங்கே வந்து படிக்கிறார்கள்.

வாசலோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பையன் முழு வெள்ளைச் சீருடை. அவனை ஒட்டி வந்த பெண் நீலப் பாவாடை. பின்னால் பச்சைக் கால்சட்டை, அதற்கும் பின்னால் பழுப்பு. ஒரே வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் உடம்பில் எத்தனை பள்ளிகள்! தன் வகுப்பில் தமிழ் பேச ஆளில்லாத பிள்ளைக்கு இங்கே பக்கத்துப் பெஞ்சு முழுக்கத் தமிழ். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே சாலையில்தான் 1991இல் தொடங்கிய சிண்டாவின் அலுவலகமும் இருக்கிறது. இந்தியச் சமூகத்தின் மேம்பாட்டுக்கான சங்கம். வேலை பார்க்கும் இந்தியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகை அதற்குப் போகிறது. அந்தப் பணத்தின் உதவியோடு நடக்கும் துணைப்பாட வகுப்புகளுக்குத் தீவெங்கும் பள்ளிகளின் வகுப்பறைகளே இடம் தருகின்றன. தனியாகக் கட்டடம் கட்டி முடிக்கும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இருட்டும் நேரத்தில் அக்கா வீட்டுக்குத் திரும்பினோம். அடுக்குமாடிகளுக்குக் கீழே இருக்கும் தொடக்கப்பள்ளியில் இன்னும் விளக்கு எரிந்தது. வேலை முடிந்து வந்த ஓர் அம்மா, அலுவலக அட்டை கழுத்தில் தொங்க, பையனைக் கூட்டிக்கொண்டு போனார். மாணவர் பராமரிப்பு நிலையமாம். மதியச் சாப்பாடு, வீட்டுப்பாடம், விளையாட்டு எல்லாம் பள்ளிக்குள்ளேயே. ஜூன் விடுமுறையிலும் உண்டு. "எல்லாத் தொடக்கப்பள்ளியிலயும் இருக்குடா" என்று அக்கா சாதாரணமாகச் சொல்ல, நான் வாய் பிளந்தேன். பல பள்ளிகளின் மைதானங்களைப் பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் ஊர்மக்களுக்கும் திறந்துவிடுகிறார்களாம்.

நம் ஊரிலும் மனம் இல்லாமல் இல்லை. 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் திண்ணையிலும் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்களே! கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக்கிடக்கும் தெருக்களில் அந்தப் பிள்ளைகளுக்கு மின்விசிறியும் கரும்பலகையும் கிடைக்க ஒரு சாவி போதும். பூட்டை யார் திறப்பது, உடைந்த பெஞ்சுக்கு யார் பொறுப்பு, இரவுக் காவலுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்விகள் நியாயமானவைதான். சிங்கப்பூரில் அவற்றுக்கு விடை கண்டிருக்கிறார்கள். ஊர் திரும்பியதும் எங்கள் தெருப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து இதைப் பேசத்தான் போகிறேன்.