யானிஸைத் தெரியும், அனிதாவை?

அத்திப்பட்டு ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கலுக்குக் காத்திருந்த பையனின் பச்சை ஜெர்சியில் 34. கிரேக்கக் கூடைப்பந்து வீரர் யானிஸ் 2021 என்.பி.ஏ. கடைசி ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்ததை மூச்சுவிடாமல் சொன்னான். சபாஷ். அதே 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னைக்காரர் அனிதா பால்துரையைத் தெரியுமா என்றேன். திருதிருவென முழித்தான்.

அனிதா 19 வயதிலேயே இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் கேப்டன். ஆசிய சாம்பியன்ஷிப்பில் மட்டும் ஒன்பது முறை ஆடியவர். தாயான பிறகும் கோர்ட்டுக்குத் திரும்பி, 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவில் கஜகஸ்தானை 75-73 என்று சாய்த்துத் தங்கம் வென்ற அணியில் ஆடினார். பிள்ளை பெற்ற உடம்பை மறுபடி ஓட்டத்துக்குப் பழக்குவது லேசா என்ன? வேலை, இதே தெற்கு ரயில்வேயில்தான்!

வீட்டில் பெண்பிள்ளை கூடைப்பந்து கேட்டால் யோசிக்காமல் வாங்கிக் கொடுங்கள் மக்களே.