நாலு பேருக்கு நல்லது செய்ய எந்தப் படிப்பு?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் கிராமத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். என்ன மார்க், எந்தக் கல்லூரி, எவ்வளவு பணம்! இந்தக் கணக்குக்கு நடுவே சில பிள்ளைகள் மட்டும், “நான் படிக்கிற படிப்பு நாலு பேருக்கு உபயோகமா இருக்கணும்” என்பார்கள். பெற்றவர்களுக்கு அது பெருமையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். ஊருக்கு நல்லது செய்யப் போய், பிள்ளை நாளைக்குச் சோற்றுக்குத் திண்டாடக் கூடாதே என்கிற பயம். அது நியாயமான பயம்தான். அதனால்தான், வாழைக்கு என்ன உரம், நெல்லுக்கு என்ன ரகம் என்று கேட்கிற விவசாயிகள், கூடவே இதையும் கேட்கிறார்கள்: “நல்லது செய்யணும்னு நினைக்கிற பிள்ளையை எதில் சேர்க்கலாம்?”

பெரும்பாலான ஊர்களில் இதற்கு இரண்டே பதில்தான் உண்டு. ஒன்று டாக்டர், இன்னொன்று கலெக்டர். இரண்டும் உயர்ந்த வேலைகள்தான். ஆனால், அந்த நாற்காலிகளுக்கு லட்சக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பிள்ளை போகாவிட்டால், அதே அளவு கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அந்த இடத்தில் உட்காரும். ஊருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அதே சமயம், ஆள் இல்லாமல் கிடக்கிற வேலைகளும் இருக்கின்றன. அங்கே ஒருவர் போய் நின்றால், அவர் ஒருவராலேயே நிலைமை மாறும். எந்த மடையில் ஏற்கெனவே தண்ணீர் பாய்கிறது, எந்த வயல் காய்கிறது என்று பார்த்துத்தானே விவசாயி மண்வெட்டியைத் தூக்குகிறார்?

ஆத்தூர் பக்கத்தில் ஒரு குடும்பம். மூன்று ஏக்கர் நிலம், கிணற்றுப் பாசனம். மரவள்ளியும் கொஞ்சம் மஞ்சளும்தான் வெள்ளாமை. அரசுப் பள்ளியில் படித்த மகளுக்கு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. நீட் தேர்வில் அரசு இடத்துக்குப் போதுமான மதிப்பெண் வரவில்லை. கிணற்றை ஒட்டிய ஒரு ஏக்கரை விற்று, வெளிநாட்டில் படிக்க வைப்பது என்று அப்பா முடிவே செய்துவிட்டார். முன்பணம் வாங்க நாள் குறித்தாயிற்று. அப்போதுதான் அப்பாயி பேத்தியைக் கூப்பிட்டு, “ஏன் கண்ணு, யாரோட கஷ்டம் தீரணும்னு நீ டாக்டர் ஆகப் பார்க்கிற?” என்று கேட்டார்.

அந்தப் பெண் யோசித்துவிட்டுச் சொன்ன பதிலில் மனிதர்களே இல்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுச் சினை மாடு, ராத்திரியில் கன்று ஈன முடியாமல் துடித்துச் செத்துப்போனது. போன் போட்டும் அந்த நேரத்துக்கு டாக்டர் கிடைக்கவில்லை. கறவை மாட்டோடு வீட்டுச் செலவுக்கான வருமானமும் போனது. “அந்த நேரத்துல ஒரு டாக்டர் இருந்திருந்தா...” என்றுதான் அவள் தொடங்கினாள். அவள் ஆக நினைத்தது எந்த டாக்டர் என்பது அவளுக்கே அப்போதுதான் விளங்கியது.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் படிப்புக்கான மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடும் உண்டு. விண்ணப்பம் போட்டார்கள். கலந்தாய்வுக்கு முன்னால், அப்பா அவளைப் பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்துக்கு ஒரு வாரம் அழைத்துப் போனார். சினை பார்ப்பது, மடிவீக்கத்துக்கு மருத்துவம் செய்வது, சாணமும் ரத்தமும் எல்லாவற்றையும் அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். முதல் நாள் வாந்தி எடுத்தாள். ஆனாலும், மறுநாள் காலையில் அப்பாவுக்கு முன்னால் கிளம்பி நின்றாள். இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அந்த ஒரு ஏக்கரில் மரவள்ளி நிற்கிறது.

இந்தக் குடும்பம் செய்த மூன்று காரியங்களைக் கவனிக்க வேண்டும். முதலில், படிப்பின் பெயரைப் பார்க்காமல் கஷ்டத்தின் பெயரைக் கேட்டார்கள். அடுத்து, அந்த வேலை பிள்ளையின் உடம்புக்கும் மனசுக்கும் ஒத்துவருமா என்று செலவில்லாமல் சோதித்துப் பார்த்தார்கள். மூன்றாவது, இருக்கிற நிலத்தை இழக்காத வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். புது ரகத்தை ஐந்து சென்டில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஏக்கர் கணக்கில் போடுகிற விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளையின் படிப்பு என்று வரும்போது மட்டும் அது மறந்துவிடுகிறது.

பேர் தெரியாத வேலையில் என்ன பெரிய நன்மை செய்துவிட முடியும் என்று சிலருக்குத் தோன்றலாம். மரவள்ளி விவசாயிகளுக்கு இதற்குப் பதில் தெரியும். 2008-ம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று கண்டதிலெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல அப்பிக்கொண்டது. உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு இருந்ததால், எந்த மருந்தை அடித்தும் சரியாகக் கேட்கவில்லை. மல்பெரியில் மருந்து அடித்தால் பட்டுப்புழு செத்துவிடும். பலர் தோட்டத்தையே அழித்தார்கள்.

அந்தப் பூச்சியின் சொந்த ஊர் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அது இவ்வளவு பெரிய தொல்லை இல்லை. காரணம், அதன் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குட்டிக் குளவிகள் அங்கே இருக்கின்றன. 2010-ம் ஆண்டு, பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் அப்படிப்பட்ட மூன்று வகைக் குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தது. நம் ஊருக்கு வேறு கெடுதல் செய்யாது என்று சோதித்த பிறகு, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி மாவட்டம் மாவட்டமாகக் கொடுத்தது. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் சக்கைபோடு போட்டது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தக் குளவி, சில மாதங்களில் பூச்சியை அடக்கிவிட்டது. இதில் வேலை பார்த்த பூச்சியியல் படித்தவர்களை எந்த ஊரிலும் மாலை போட்டு வரவேற்கவில்லை. ஆனால், அவர்களால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணையாமல் இருந்தது.

கெட்டிக்காரத்தனம் இருக்கிற இடத்தில் பொறுமையும் வேண்டும் என்பதற்கு ஆனந்த் பால் கூட்டுறவின் கதையைச் சொல்லலாம். வர்கீஸ் குரியன் சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படித்ததற்கான கடமையைக் கழிக்கத்தான் 1949-ல் குஜராத்தின் ஆனந்துக்கு வந்தார். ஊர் பிடிக்கவில்லை. எப்போது கிளம்பலாம் என்றே இருந்தார். விடுதலையாகிக் கிளம்பும்போது, பால் உற்பத்தியாளர்களின் தலைவரான திரிபுவன்தாஸ் படேல் கேட்டுக்கொண்டதால் தங்கினார். தங்கியவர் கடைசிவரை போகவில்லை. ஆரம்பத்திலேயே ஒரு வேலையின் மேல் ஆசை இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேலை கைவரக் கைவர ஆசையும் வரும்.

அதே ஆனந்தில் ஹரிசந்த் தலாயா என்று ஒருவர் இருந்தார். எருமைப்பாலில் பவுடர் தயாரிக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, முடியும் என்று செய்து காட்டியவர் அவர்தான். குளிர்காலத்தில் மிஞ்சுகிற பாலை என்ன செய்வது என்ற விவசாயியின் கவலை அதில்தான் தீர்ந்தது. குரியன் பேர் எல்லோருக்கும் தெரியும். தலாயா பேர் தெரிந்தவர்கள் குறைவு. மேடையில் பேச வராத, இயந்திரத்தோடு மல்லுக்கட்டப் பிடித்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கும் ஊரில் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

நல்ல மனசு மட்டும் போதாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லி வைக்க வேண்டும். விறகுப் பஞ்சம் தீரட்டும் என்றுதான் சீமைக்கருவேலத்தை வறண்ட பகுதிகளில் பரப்பினார்கள். விறகும் கரியும் கிடைத்தது உண்மை. ஆனால், இன்று கண்மாய்களிலும் வரத்துக் கால்வாய்களிலும் அது அடைத்துக்கொண்டு நிற்பதையும் பார்க்கிறோம். மாவுப்பூச்சிக் குளவியை வெளியே விடுவதற்கு முன் சோதித்தார்கள் இல்லையா, அந்தப் பொறுப்புதான் படிப்பு. நல்லது என்று நினைத்துச் செய்தது உண்மையிலேயே நல்லதாக முடிந்ததா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற பழக்கம் எந்த வேலைக்கும் வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளும் ஊருக்கு வந்துதான் உழைக்க வேண்டும் என்பதும் இல்லை. வீட்டில் கடன் இருந்தால் முதலில் அதை அடைப்பதுதான் நல்ல காரியம். வெளியூரில் நல்ல சம்பளத்தில் இருக்கிறவர், மாதம் ஒரு தொகையை ஒதுக்கி ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித் தந்தால், ஏரியில் வண்டல் எடுக்க இயந்திர வாடகை கொடுத்தால், அதுவும் சேவைதான். நேரில் வந்து ஒரு நாள் மண் சுமப்பதைவிட, சில சமயம் அது அதிகம் உதவும். கணக்கு நன்றாக வருகிற பிள்ளை, கூட்டுறவுச் சங்கத்திலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ ஒழுங்காகக் கணக்கு எழுதினால், நூறு குடும்பங்களின் பணம் பத்திரமாக இருக்கும். சரியான கணக்கு இல்லாமல் படுத்துப்போன சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பணம் இல்லையே என்று ஒதுங்குகிற குடும்பங்களுக்குச் சில தகவல்கள். 7.5 சதவிகித ஒதுக்கீடு மருத்துவத்துக்கு மட்டுமல்ல. வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், பொறியியல், சட்டப் படிப்புகளுக்கும் உண்டு. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு உயர்கல்வியின்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. பட்டப்படிப்பு கிடைக்காதவர்களுக்கு வேளாண்மை, தோட்டக்கலை பட்டயப் படிப்புகள் இருக்கின்றன. விண்ணப்பத் தேதிகளைத் தவறவிடாமல் இருப்பதுதான் முக்கியம். பள்ளித் தலைமையாசிரியரிடமும் அந்தந்தப் பல்கலைக்கழக இணையதளத்திலும் மே, ஜூன் மாதங்களில் விசாரித்துவிட வேண்டும்.

இந்த வருடம் தேர்வு எழுதியிருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், கல்லூரிப் பட்டியலை எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் உட்கார வைத்துப் பேசுங்கள். நம் ஊரில் எந்தக் கஷ்டம் தீர வேண்டும்? அதற்கு ஏற்கெனவே எத்தனை பேர் உழைக்கிறார்கள்? உன் கைக்கு எது வரும்? நம் வீடு எவ்வளவு தாங்கும்? இந்த நான்குக்கும் பிள்ளையே பதில் சொல்லட்டும். அந்தப் பேச்சு முடிகிறவரை நிலத்துக்கு முன்பணம் வாங்க வேண்டாம்.