தட்டைக்கல் மேல் வெண்முனை

அறை விளக்கை அணைத்துவிட்டார்கள். தொட்டியின் மேல் துணி போட்டு மூடிய சின்ன விளக்கு மட்டும் மங்கலாக எரிகிறது. தண்ணீர் 17 டிகிரி. உள்ளே இரண்டு ஆக்ஸலாட்டில்கள், நீரிலேயே வாழும் சாலமாண்டர்கள்.

ஆண் வெளுப்பு, கண் மட்டும் கறுப்பு. பின்னங்கால்களைத் தாண்டி வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் புடைத்திருக்கிறது. ஏறக்குறைய ஒரு வயதில்தான் இந்தப் புடைப்பு தெளிவாகும். அதற்கு முன் ஆண், பெண் என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பெண்ணின் உடம்பு கரும்பச்சை. மேலிருந்து பார்த்தால் வயிறு தலையைவிட அகலம். இரை தின்று உப்பிய வயிறு ஓரிரு நாளில் வடிந்துவிடும். இது நாளுக்கு நாள் உருண்டுகொண்டே வந்திருக்கிறது.

நாளெல்லாம் மூலையில் கிடந்த ஆண் இப்போது ஓரிடத்தில் தங்கவில்லை. வாலைத் தூக்கி அசைத்தபடி சுற்றி வருகிறது. பெண்ணின் வாலடியில் மூக்கால் முட்டுகிறது. பெண் திரும்பி அதன் வாலடியில் முட்டுகிறது. வட்டமாக இரண்டும் சுழல்கின்றன. சண்டை என்று பதறி வலையை எடுப்பவர்கள் உண்டு. சண்டையென்றால் கடி இருக்கும், செவுள் கிழியும். இங்கே கடியே இல்லை.

ஆண் முன்னால் நடக்கிறது. பெண் பின்னாலேயே போகிறது. தட்டைக்கல்லின் மேல் ஆண் நின்று, வாலடி நடுங்க உடம்பைத் தாழ்த்தி, ஓரடி நகர்கிறது. அது நின்ற இடத்தில் கண்ணாடி போன்ற கூழ்க்கூம்பு ஒன்று, உச்சியில் வெள்ளைப் பொட்டு. அந்த வெள்ளைதான் விந்து. பெண் அதன் மேல் வந்து நின்று, மெல்ல அமர்ந்து, நடுங்கி எழுகிறது. கூம்பு அப்படியே இருக்க, வெள்ளை முனையைக் காணோம். ஒரே இரவில் ஆண் இப்படிப் பல கூம்புகளை வைக்கும். இரவெல்லாம் தூங்கிவிட்டு வருபவருக்கும் காலையில் கல்லின் மேல் அவை சாட்சியாக நிற்கும்.

அடுத்த நாள் பெண் பாசிக்கொத்தைப் பின்னங்கால்களால் அணைத்துப் பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றாக ஒட்டுகிறது: கூழுக்குள் கடுகளவு கரும்புள்ளி. நூற்றுக்கணக்கில் இடும்; ஆயிரத்தைத் தொடுவதும் உண்டு. தொட்டியில் இவை முட்டையிடுவது புதிதல்ல. 1864இல் மெக்ஸிகோவிலிருந்து பாரிஸுக்குப் போன 34 ஆக்ஸலாட்டில்களில் ஆறு, அங்கே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் விலங்கியலாளர் ஒகுஸ்த் துய்மேரிலிடம் வந்தன. மறு ஆண்டு அவை முட்டையிட்டன. இன்றைய தொட்டிகளில் இருப்பவற்றில் பெரும்பகுதிக்கு மூதாதை அந்தச் சிறு கூட்டம்தான். பிறந்த மண்ணான மெக்ஸிகோவின் சொசிமில்கோ கால்வாய்களில் 1998இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிடப்பட்டது, 2008இல் 100. தொட்டியில் பிறந்தவற்றைக் கொண்டுபோய் அங்கே விடவும் கூடாது. நோயும் கலப்பு மரபணுவும் கூடவே போய்விடும்.

கருக்கொண்ட முட்டை சில மணி நேரத்தில் இரண்டாக, நான்காகப் பிளக்கும். கருக்கொள்ளாதது வெளுத்துக் கலங்கும். இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சு. உயிரோடு நெளியும் இரையைத்தான் அது தின்னும்.

இப்போதே ஆண் பாசியருகே வாயைத் திறக்கிறது; முட்டையைத் தின்னத்தான். ஆணை இன்றே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். முட்டை மட்டும் காரணமில்லை: வயிறு ஒட்டிப்போன இந்தப் பெண்ணுக்கு ஆறு மாதமாவது ஓய்வு வேண்டும். ஆண் பக்கத்தில் இருக்கும்வரை அந்த ஓய்வு கிடைக்காது.