புகையிலை நாற்றங்கால்

ஒரு கிராம் எடைக்குள் 10,000-க்கும் மேற்பட்டவை அடங்கிவிடுகிற புகையிலை விதையைக் கையாள முற்படுகிறவன், பிற பயிர்களில் தான் கற்ற விதைப்பு முறைகளை ஒருபுறம் வைத்துவிட்டே இதனருகில் வரவேண்டும் என்பது, வேடசந்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்து, உத்தியோக நிமித்தம் கல்கத்தாவில் குடியேறி, லேக் மார்க்கெட் அருகே மொட்டைமாடியில் ஆண்டுதோறும் சில செடிகளை வளர்த்துவரும் எனக்கு அநுபவத்தில் உறுதிப்பட்ட விஷயம். புகைப்பதற்காகவோ மெல்லுவதற்காகவோ நான் இதை வளர்க்கவில்லை. ரோஜாத் தளிர்களில் அசுவினி அப்பும்போது, இந்த இலையை ஊறவைத்துக் காய்ச்சிய கஷாயமே கைகண்ட மருந்து.

விதையை மண்ணுக்குள் மூடுவது அவரைக்கும் ஆமணக்குக்கும் பொருந்தும். புகையிலை விதையோ பெரும்பாலும் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் ஸ்வபாவமுடையது. ஆழத்தில் புதைந்ததென்றால், அதற்குள்ளிருக்கும் அற்பமான ஆகாரம் முளை வெளியே தலைகாட்டுவதற்கு முன்பே தீர்ந்துபோகும். ஆகவேதான் எங்கள் பக்கத்தார் விதையைச் சன்ன மணலோடு கலந்து மேட்டுப்பாத்தியில் தூவி, உள்ளங்கையால் இலேசாக அழுத்தி, வெயிலின் கடுமை தணியும் அளவுக்கு மட்டும் வைக்கோலைப் பரப்பி, பூவாளியால் நீர் தெளிப்பார்கள். மாடியில் எனக்குப் பாத்தி ஏது? அகன்ற மண்தட்டில் விதைத்து, அதைத் தண்ணீர்த் தொட்டியில் சற்றே அமர்த்தி, ஈரம் அடியிலிருந்து ஏறும்படி விடுகிறேன். மேலிருந்து ஊற்றினால் விதைகளெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும்.

வங்காளத்தில் மழை விலக அக்டோபர் பாதியாகிவிடுகிறது. அதற்கு முன் அவசரப்பட்டு விதைத்தால், காற்றிலுள்ள ஈரமே சத்துருவாகும். நேற்று பசேலென்றிருந்த நாற்று இன்று தண்டின் அடியில் கறுத்து, நனைந்த நூல்போலச் சாய்ந்து கிடக்கும். பித்தியம் என்னும் பூஞ்சணத்தால் வரும் இந்த நாற்றழுகலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை உண்டு என்றாலும், மருந்தைக் காட்டிலும் நெருக்கத்தைக் கலைத்து விடுவதே மேலான சிகிச்சை என்பது என் தீர்மானம். உயிருள்ள நாற்றைப் பிடுங்கி எறிய மனம் கூசத்தான் செய்கிறது. எறியாதவன் எல்லாவற்றையும் இழப்பான்.

1947-இல் ராஜமகேந்திரவரத்தில் தோன்றிய மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையம், எங்கள் வேடசந்தூரிலும், மேற்கு வங்காளத்தின் வடகோடியில் கூச்பிஹாரைச் சேர்ந்த தின்ஹாட்டாவிலும் கிளைகளை அமைத்தது என்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி தரும் செய்தி. தின்ஹாட்டாப் பகுதியில் ஹூக்காவுக்கும் மெல்லுவதற்கும் பயிராகும் ‘மோதிஹாரி’, நம்முடையதினின்று வேறான இனம். குட்டையான செடி, தடித்த இலை, காரம் அதிகம்.

ஆறேழு வாரத்தில் நாற்றைப் பெயர்த்து நடலாம். பீடியோ வெற்றிலைப் புகையிலையோ தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் நாற்றைத் தீண்டலாகாது. தேமல் நோயின் நச்சுயிரி பதப்படுத்திய இலையிலும் நெடுங்காலம் அழியாமல் இருந்து, விரல் வழியே தொற்றிவிடும். பூங்கொத்து எழும்பியதும் கிள்ளி, பக்கக் கிளைகளையும் ஒடித்தால் இலை தடிக்கும், காரமும் ஏறும். விதைக்கென ஒரு செடியைப் பூக்க விட்டு, அந்நிய மகரந்தம் அண்டாதபடி மெல்லிய துணிப்பையால் மூடினால் போதும். அது ஒன்றே ஓர் ஊருக்குத் தேவையான விதையைக் கொடுத்துவிடும்.

கஷாயம் காய்ச்ச விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அது கொடிய விஷம், ஈர இலையின் சாறுகூடத் தோல் வழியே ஏறி மயக்கமும் வாந்தியும் உண்டாக்கும். கையுறையின்றித் தொடாதீர்கள், குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், கத்தரி, தக்காளி, கீரைகளின் மீது ஒருபோதும் தெளிக்காதீர்கள்.