அலுவலக மேசையும் அமானத்தே

சிறுவயதில் கீழ்பென்னாத்தூரில் எம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர், இன்று ஒரு பேரூராட்சியில் எழுத்தராகப் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு ஒருநாள் இஷாவுக்குப் பின் எம்மிடம் வந்தார்.

“ஹஜ்ரத், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் முதுகலை படிக்கலாமென்று இருக்கிறேன். வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். குறைந்தது 2 ஆண்டுகள்.”

பதவி உயர்வுக்கான ஆசை என்று எண்ணினோம். “வேலைதான் இருக்கிறதே தம்பி, பிள்ளைகளைக் கவனியுங்கள்” என்றோம். ஆயினும் அவர் சேர்ந்துவிட்டார்.

பின்னர் ஜமாஅத் கூட்டத்தில் மையவாடிப் பாதை பற்றிப் பேச்சு வந்தது. மழைக்காலத்தில் சந்தூக்கைச் சேற்றில் சுமக்கிறோம். வாக்குக் கேட்டு வருவோரிடமெல்லாம் மனுக் கொடுத்து ஓய்ந்தோம். அவர் தம் பாடநூலை விரித்தார். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு உரியனவாகப் பட்டியலிட்ட 18 பணிகளில் அடக்கத்தலமும் ஒன்று என்று காட்டினார். அன்றே முறையாக மனு எழுதித் தந்தார். பாதை இன்னும் வரவில்லை. மனு இப்போது உரிய மேசையில் இருக்கிறது.

ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் ஆட்சி நிர்வாகத்துக்கென்றே தனிநூல் இயற்றினார்கள். ஊரின் நீர்வழி பழுதானால் சீர்செய்வது யார் பொறுப்பு என்பதுவரை அதில் ஆராய்ந்தார்கள். அவர்கள் பெயரைப் பாடத்தில் சொல்லும் நாமே, அக்கல்வியை நாடியவரைத் தடுத்தோம். அவரிடம் வருத்தம் தெரிவித்தோம்.

உள்ளாட்சிப் பணியிலுள்ள உங்கள் பிள்ளைகள் மேலே படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். மக்களின் காரியம் அவர்கள் கையில் அமானத். அதை நிறைவேற்றும் முறையைக் கற்பதும் அந்த அமானத்தைப் பேணுவதே.