இரைச்சலும் சுரமும்

மேற்கத்தியச் செவ்வியல் இசையில் பல நூற்றாண்டுகளாகச் சுரங்களின் சேர்க்கையே பதற்றத்தையும் அமைதியையும் உண்டாக்கிவந்தது; இசைவற்ற சுரக்கூட்டு எழுப்பும் பதற்றம் இசைவான சுரக்கூட்டில் சென்று அடங்கும் என்பது அதன் அடிப்படை ஏற்பாடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஏற்பாடு தகர்ந்தபின், கேட்பவரை எதைக் கொண்டு வழிநடத்துவது என்ற கேள்விக்கு இசையமைப்பாளர்கள் பலவாறாக விடை தேடினர். பின்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த கையா சாரியாஹோ (1952–2023) கண்ட விடை, அவற்றுள் காதுக்கு மிக நெருக்கமானது. ஒரே சுரம் புல்லாங்குழலில் ஒருவிதமாகவும் செல்லோவில் வேறுவிதமாகவும் ஒலிக்கக் காரணமான பண்பை ஒலிநிறம் என்பர். சாரியாஹோ இந்த ஒலிநிறத்துக்குள்ளேயே ஓர் அச்சை வகுத்துக்கொண்டு, அதன் ஒரு முனையில் தெளிந்த சுரத்தையும் மறுமுனையில் மூச்சும் உராய்வும் மண்டிய இரைச்சலையும் வைத்தார். வில் கம்பியை மிகையாக அழுத்தும்போதும், குழலுக்குள் வெறும் காற்று ஓடும்போதும் பிறக்கும் கரகரப்பு அவரது இசையில் பதற்றமாகிறது; அது சிறிது சிறிதாகத் தெளிவதே அமைதி.

ஹெல்சிங்கியில், இசை மரபு ஏதுமற்ற குடும்பத்தில் பிறந்த அவர், சிபெலியஸ் அகாதமியில் பாவோ ஹெய்னினெனிடம் பயின்றார். பின்லாந்தின் இசைச் சூழல் புதுமைக்குக் கதவடைத்திருப்பதாகக் கருதிய மாணவர்கள் 1977இல் ‘கோர்வாத் அவுகி’ (‘செவிகளைத் திற’) என்ற அமைப்பைத் தொடங்கியபோது, மாக்னுஸ் லிண்ட்பெர்க், எசா-பெக்கா சலோனென் ஆகியோருடன் அவரும் அதில் இருந்தார். பிற்காலத்தில் கர்நாடக இசையிலும் சங்கப் பாடல்களிலும் தோய்ந்து, தமிழ்க் கவிதைகளை ஃபின்னிய மொழிக்குக் கொண்டுசென்ற ஏரோ ஹமேன்னியெமியும் அதே குழுவினர் என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் கொள்ளலாம். பின்னர் ஜெர்மனியின் ஃபிரைபுர்கில் படித்த காலத்தில், அங்கே போற்றப்பட்ட சிக்கலான கட்டமைப்புகள் தாளிலேயே தங்கிவிடுவதாகவும் காதுக்கு எட்டுவதில்லை என்றும் சாரியாஹோவுக்குப் பட்டது. அந்த மனக்குறைக்கு மாற்றாக வந்தவர்கள், ஓர் ஒலியின் உள்ளே அடங்கியிருக்கும் நுண்ணிய மேலொலிகளைப் பகுத்து அவற்றிலிருந்தே இசையைக் கட்டிய ஜெரார் கிரிசே, திரிஸ்தான் முராய் ஆகிய பிரெஞ்சுக்காரர்கள். 1982இல் பாரிஸின் ‘இர்காம்’ ஆய்வு மையத்தை அடைந்த சாரியாஹோ, அவர்கள் முறைக்குக் கணினியைத் துணைசேர்த்தார்.

ஒன்பது கருவிகளுக்காக 1986இல் எழுதிய ‘லிஷ்ட்போகன்’ வட துருவ ஒளியைக் கண்ட வியப்பில் பிறந்தது. ஆனால் அதன் சுரக்கூட்டுகளோ செல்லோவின் ஒலியைக் கணினியில் பகுத்துப் பெற்றவை. வடநாட்டார் எதை எழுதினாலும் அதில் பனியையும் காட்டையும் தேடும் விமரிசகர்கள், இந்தப் பாதியை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

2000ஆம் ஆண்டு சால்ஸ்புர்க் விழாவில் அரங்கேறிய ‘லாமூர் து லுவன்’ (‘தொலைவிலிருந்து காதல்’) என்ற ஓபரா அவருக்கு உலகப் புகழைத் தந்தது. தான் ஒருமுறைகூடப் பார்த்திராத திரிப்போலிச் சீமாட்டியைக் காதலிக்கும் 12ஆம் நூற்றாண்டுப் பாடகக் கவிஞன் ஜோஃப்ரே ரூதெல், கடல் கடந்து செல்லும்போது நோயுற்று, அவள் கைகளில் உயிர்விடுகிறான். இருவருக்கும் இடையே செய்தி சுமக்கும் யாத்திரிகரைத் தவிர, முதன்மைப் பாத்திரம் வேறில்லை, நிகழ்ச்சிகளும் சொற்பம். நிகழ்ச்சி குறைந்த அந்தக் கதைதான், ஓர் ஒலியை நீட்டி அதன் உள்மாற்றங்களைக் காட்டும் அவரது முறைக்குப் பொருந்திவந்தது எனலாம். உரையை எழுதியவர் லெபனானிலிருந்து பாரிஸுக்குக் குடிபெயர்ந்த அமின் மாலூஃப். புலம்பெயர்ந்த இருவர் சேர்ந்து தொலைவைப் பற்றி எழுதியது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அரங்கு இந்த ஓபராவை 2016இல் மேடையேற்றியபோது, 1903இல் எத்தல் ஸ்மித்தின் படைப்புக்குப் பிறகு அங்கே ஒரு பெண்ணின் ஓபரா நிகழ்வது அதுவே முதன்முறை என்று உலகெங்கும் எழுதினார்கள். தம்மைப் பெண் இசையமைப்பாளர் என்று தனித்துச் சுட்டுவதைச் சாரியாஹோ விரும்பியவரல்லர். 113 ஆண்டு இடைவெளி அரங்கின் வரலாற்றைச் சொல்கிறதேயன்றி அவரது இசையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

2021இல் எய்க்ஸ்-ஆன்-புரோவான்ஸ் விழாவில் அரங்கேறிய அவரது கடைசி ஓபரா ‘இன்னசென்ஸ்’ முற்றிலும் வேறு உலகத்தைச் சேர்ந்தது. எழுத்தாளர் சோஃபி ஒக்சனெனின் கதையில், பள்ளியொன்றில் துப்பாக்கிச்சூடு நடத்தியவனின் சகோதரனுக்குப் பத்தாண்டு கழித்துத் திருமணம் நடக்கிறது. விருந்தில் பரிமாற வந்தவளோ அன்று கொல்லப்பட்ட மாணவியின் தாய். மணவீட்டார் ஓபராக் குரலில் பாட, உயிர்தப்பிய மாணவர்கள் தத்தம் மொழிகளில் பெரும்பாலும் பேசுகிறார்கள். இறந்த மாணவி மட்டும் ஃபின்னிய நாட்டுப்புறப் பாடகியின் கூரிய, அதிர்வற்ற குரலில் பாடுகிறாள். இளமையில் வில்லிலும் குழலிலும் அவர் வகுத்த அச்சு இங்கே பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் அமைந்துவிட்டது. ஆனால் இம்முறை கரகரப்பு தெளிந்து சுரத்தில் அடங்கும் என்ற உறுதியை அவர் கேட்பவருக்குத் தரவில்லை.