கால் நோகிறதா என்று கேட்டேனா?

இறைவனின் திருவடிப் பெருமையைப் பற்றி எத்தனையோ சொற்பொழிவுகளைக் கேட்டிருக்கிறேன். ஆனால் 46 ஆண்டுகளாக என்னோடு நடந்து வந்த இரண்டு பாதங்களைப் பற்றி ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற மார்கழியில் ஓர் இரவு அந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தது.

நாங்கள் குடந்தைவாசிகள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக, மாலை வேளையில் சார்ங்கபாணிப் பெருமாளைச் சேவித்து, பிராகாரத்தை வலம் வருவது எங்கள் வழக்கம். யானைகளும் குதிரைகளும் இழுக்கும் தேர் போல அமைந்த அந்தச் சன்னிதியைச் சுற்றி வரும்போது, என் மனைவி எப்போதும் எனக்கு இரண்டடி முன்னால்தான் நடப்பாள். ஐப்பசி மாதம் தொடங்கி அவளிடம் ஒரு மாற்றம். “நீங்கள் சுற்றிவிட்டு வாருங்கள். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்” என்று தூணோரம் அமர்ந்துவிடுவாள்.

ஒரு நாள் எனக்குச் சினம் வந்துவிட்டது. “வயது ஏற ஏறப் பக்தியும் ஏற வேண்டும். உனக்கோ குறைந்துகொண்டே போகிறது” என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. கொடிமரத்தை நோக்கிக் கைகூப்பினாள், அவ்வளவுதான்.

மார்கழியில் ஒரு நள்ளிரவு, இரண்டு மணி இருக்கும். விழிப்பு வந்தது. பக்கத்துப் பாயில் அவள் இல்லை. தண்ணீர் குடிக்கச் சென்றிருப்பாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து சென்று பார்த்தேன். சமையலறை இருட்டில், மேடையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஒரு காலைத் தரையில் அழுத்தி ஊன்றியபடி நின்றிருந்தாள். ஓசை வெளியே வராதிருக்கப் புடவைத் தலைப்பைப் பற்களுக்கிடையில் கடித்திருந்தாள்.

“ஒன்றுமில்லைங்க, கால் இழுத்துக்கொண்டது. நீங்கள் போய்ப் படுங்கள்” என்றாள்.

எங்கள் பக்கத்தில் குரக்களி என்பார்கள். கெண்டைக்கால் சதை திடீரென்று சுருண்டு இறுகிவிடும் அந்த வலியை அறிந்தவர்கள் அறிவார்கள். நான் தரையில் அமர்ந்து அவள் காலைப் பற்றினேன். சதை கல் உருண்டையாக இருந்தது. அவளோ பதறிக் காலை இழுத்துக்கொண்டாள். “ஐயோ, என் காலை நீங்கள் தொடலாமா? பாற்கடலில் தாயாரல்லவா பெருமாள் திருவடியை வருடுகிறாள்! எனக்குப் பாவம் சேருங்க.”

ஒரு கணம் எனக்கு விடை தோன்றவில்லை. பிறகு நினைவு வந்தது. “நம் திருமணத்தன்று, அக்கினி சாட்சியாக, ஊரார் முன்னிலையில், உன் காலைப் பிடித்து அம்மியின்மேல் வைத்தவன் யார்? அன்று சேராத பாவமா இன்று சேரப்போகிறது?” என்றேன். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. காலை நீட்டினாள். முழங்காலை மடங்காமல் பிடித்து, பாதத்தின் முன்பகுதியை அவள் முகத்தை நோக்கி மெல்ல வளைத்துத் தள்ளினேன். சிறிது நேரத்தில் இறுக்கம் தளர்ந்தது.

அதன்பின் உண்மை ஒவ்வொன்றாக வெளிவந்தது. ஐப்பசி தொடங்கி வாரத்தில் மூன்று, நான்கு இரவுகள் இப்படித்தானாம். என் உறக்கம் கெடக்கூடாதென்று ஒவ்வொரு முறையும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாளாம். மறுநாள் முழுவதும் சதையில் நோவு தங்கிவிடுவதால் கருங்கல் தரையில் நடக்க இயலாதாம். “ஏதோ வேண்டுதலை மறந்துவிட்டோமோ, அதற்காகத்தான் பெருமாள் இப்படிச் சோதிக்கிறாரோ என்று நினைத்தேன்” என்றாள்.

எனக்கு அதன்பின் உறக்கம் பிடிக்கவில்லை. குடந்தைப் பெருமாளின் உத்தான சயனத் திருக்கோலத்தின் வரலாறு நெஞ்சில் வந்து நின்றது. திருமழிசையாழ்வார் இங்கு வந்து, பள்ளிகொண்ட பெருமாளைக் கண்டதும், நடந்த களைப்பில் கால்கள் நோவெடுத்துத்தான் இப்படிக் கிடக்கிறாயோ என்று பரிவோடு விசாரித்தார். அந்த அன்புக்கு இரங்கிப் பெருமாள் எழுந்திருக்க முற்பட்டார். ஆழ்வார் நெகிழ்ந்து வாழ்த்த, பாதி எழுந்த அந்த நிலையிலேயே இன்றும் காட்சி தருகிறார் என்பது மரபு. நோவே அறியாத பரம்பொருளைக் கண்டே, கால் நோகிறதோ என்று ஓர் அடியார் கேட்டார். நானோ அதே சன்னிதியில், நோவோடு அமர்ந்திருந்தவளிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காமலேயே அவளுடைய பக்தியை அளந்துவிட்டேன்.

மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் முதலில் கேட்டது, என்னென்ன மாத்திரைகள் உட்கொள்கிறீர்கள் என்பதைத்தான். இரத்த அழுத்தத்திற்காகப் புரட்டாசியிலிருந்து அவள் உட்கொண்டு வந்த மாத்திரை, சிறுநீரை மிகுதியாகப் போக்கும் வகையைச் சேர்ந்தது. கோயிலில் அடிக்கடி எழுந்து செல்ல நேருமே என்று பகலில் தண்ணீரைக் குறைத்திருக்கிறாள். போதாக்குறைக்கு, ஏகாதசிதோறும் ஒரு சொட்டு நீரும் பருகாத உபவாசம்.

சர்க்கரை, சிறுநீரகம், உப்புச் சத்துகள் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளில் கவலைக்குரியது எதுவுமில்லை. “முதுமையில் பலருக்கும் வருவது இது. பெரும்பாலும் இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. உங்களுக்கு மாத்திரையும் நீர்க்குறைவும் தூண்டியிருக்கலாம்” என்று கூறி மாத்திரையை மாற்றித் தந்தார். “மாத்திரையை ஒருபோதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்” என்றும் எச்சரித்தார். அண்டை வீட்டார் ஒருவர் சொன்ன கொயினா மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். அது இரத்தத்தையும் இதயத் துடிப்பையும் கெடுக்கக்கூடும் என்றும், இந்த வலிக்காக அதைப் பயன்படுத்த வேண்டாமென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006ஆம் ஆண்டிலேயே எச்சரித்துவிட்டது என்றும் விளக்கினார்.

அவர் கற்பித்த எளிய பயிற்சியை அன்பர்களுக்கும் சொல்கிறேன். படுக்கப் போகுமுன், சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்ற வேண்டும். ஒரு காலைப் பின்னே வைத்து, அதன் குதிகால் தரையை விட்டு எழாமல், முழங்கால் மடங்காமல், உடலை மெதுவாக முன்னே சாய்க்க வேண்டும். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். 30 எண்ணும்வரை அப்படியே நின்று, பிறகு கால் மாற்ற வேண்டும். காலுக்கு மூன்று முறை. நிற்கத் தடுமாறுவோர் கட்டிலில் காலை நீட்டி அமர்ந்து, ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டித் தம் பக்கம் இழுக்கலாம். கால்விரல்களைக் கீழ்நோக்கி அழுத்தாதபடி போர்வையைத் தளர்வாகப் போர்த்துவதும் நல்லது.

நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணிவது, ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சுடுவது, கால் மரத்துப்போவது ஆகியவை வேறு நோய்களின் அறிகுறிகளாக இருக்கலாம். அவற்றைக் குரக்களி என்று எண்ணி வாளாவிருக்கலாகாது.

என் மனைவி 30 வரை எண்ணுவதில்லை. கேசவா என்று தொடங்கித் தாமோதரா என்று முடியும் பன்னிரண்டு திருநாமங்களை நிதானமாகச் சொல்கிறாள். கணக்கு ஏறத்தாழச் சரியாக வந்துவிடுகிறது. உலகளந்த திரிவிக்கிரமனின் திருநாமத்தைச் சொல்லும்போது மட்டும் தன் காலைக் குனிந்து பார்த்துப் புன்னகை செய்வாள்.

உபவாசத்தை விட அவள் இசையவில்லை. ஆனால் தண்ணீர், பழம், பால், மருந்து முதலியன விரதத்தைக் கெடுக்கா என்று மகாபாரதத்தின் உத்தியோக பருவமே கூறுவதை எடுத்துக்காட்டினேன். இப்போது ஏகாதசியன்று துளசி இட்ட நீரை அவ்வப்போது பருகுகிறாள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு நீர் பருகலாம் என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

வலி முற்றிலும் நீங்கிவிடவில்லை. மாதத்தில் ஓரிரு இரவுகள் வரத்தான் செய்கிறது. ஆனால் அவள் இருட்டில் எழுந்து செல்வதில்லை. என் தோளைத் தொடுகிறாள். நான் எழுந்து காலைப் பிடிக்கிறேன். முன்பு கூச்சத்தோடு நீண்ட கால், இப்போது உரிமையோடு நீள்கிறது.

பிராகாரத்தை மீண்டும் வலம் வருகிறோம். பாதி வழியில் தூணோரம் அவள் சற்று அமர்வாள். நானும் அருகில் அமர்ந்துகொண்டு, “கால் நோகிறதா?” என்று கேட்பேன். “இல்லைங்க, வாருங்கள்” என்று எழுந்திருப்பாள். சில நாள் நோவு இருந்தாலும் அப்படித்தான் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் அவள் எழுந்த பிறகும் இன்னும் சற்று நேரம் நான் உட்கார்ந்தே இருக்கிறேன்.